நாளைய மாநகரங்கள்: எயிற்பட்டினக் கரையிலிருந்து ஒரு நோக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி எக்கியார்குப்பத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“வருங்காலத்தில் உலகின் மிகப் பெரிய நகரங்கள் எவை?” என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு வட்டத்தார் பணித்தனர். சங்கப் பாடல் பற்றியோ காப்பியம் பற்றியோ பேச வேண்டிய மேடையில் நகரக் கணக்குக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். சில நூறு வீடுகள் கொண்ட ஒரு மீனவர் குப்பத்தில் அமர்ந்து ஜகார்த்தாவையும் டாக்காவையும் எடை போடுவது பொருந்துமா என்றும் கேட்கலாம். பொருந்தும் என்பது என் துணிபு. நகரம் எழுவதும் விழுவதும் எவ்வாறு என்பதற்கு நாம் அமர்ந்திருக்கும் இக்கரையே பழைய சான்று. இனி நகரம் எந்தப் பக்கம் விரியும் என்னும் கேள்விக்கு விடை எழுதப்படும் இடங்களுள்ளும் இக்கரை ஒன்று.

எயிற்பட்டினம் கூறும் செய்தி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அதனை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாணனை வழிப்படுத்தும் புலவர் முதலில் கடற்கரைப் பட்டினத்துக்கும், பின்னர் வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கும் அவனை அனுப்புகிறார். அக்கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. கடற்கரைப் பட்டினத்தின் பெயரை நேரே சொல்லாமல், மதிலின் பெயரைத் தன் பெயராக உடைய பட்டினம் என்று குறிப்பாகச் சொல்கிறார். எயில் என்பது மதில். ஆகவே அது எயிற்பட்டினம். மரக்காணமே அது என்பர் அறிஞர் பலர்.

கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடலின் பெரிபுளூஸ்’ என்னும் வணிகக் கையேடு கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது. அது கீழைக் கடற்கரையின் சந்தைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபத்மா என மூன்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் எனவும், பொதுகே என்பது புதுவையை அடுத்த அரிக்கமேடு எனவும், சோபத்மா என்பது இம்மரக்காணம் எனவும் ஆய்வாளர் பலர் கருதுவர். மரங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த பெரிய கலங்கள் இத்துறைகளில் இயங்கின என்றும், கங்கைக்கும் கீழைநாடுகளுக்கும் செல்லும் மிகப் பெரிய கலங்களும் இங்கிருந்தன என்றும் அந்நூல் கூறும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2005–06இல் மரக்காணத்தில் அகழாய்வு நடத்தியதும் இத்தொன்மை கருதியே.

இப்போது ஒன்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கிரேக்க வணிகனிடம், “இன்னும் ஈராயிரம் ஆண்டு கழித்து இக்கரையில் எது பெருநகரமாக இருக்கும்?” என்று ஒருவர் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? தான் எழுதிவைத்த மூன்றனுள் ஒன்றையே சொல்லியிருப்பான். அவன் கண்ட மூன்றும் இன்று நகரங்களாக இல்லை. ஒன்றைக் கடலும் மணலும் கொண்டன. மற்றொன்று ஆற்றங்கரை மேடாகிக் கிடந்து, 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது உலகக் கவனம் பெற்றது. மூன்றாவதில் உப்பு விளைகிறது. அவன் குறிக்காமல் விட்ட மணற்கரை ஒன்று இன்று சென்னை மாநகரமாக நிற்கிறது.

சென்னையின் தொடக்கமும் எதிர்பாராததே. 1639இல் ஆங்கிலக் கும்பினியார் இடம் தேடியபோது இக்கரையில் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் எனத் துறைகள் பல இருந்தன. பிரான்சிஸ் டே தேர்ந்தது இயற்கைத் துறைமுகமே இல்லாத வெட்டவெளிக் கடற்கரை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டியே பொருளை இறக்கினர். நமக்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையும் ஒரு காலத்தில் வணிகத்தில் கொழித்தது. அங்கே நாணயச் சாலையும் இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. இருக்கும் துறைகளை மட்டும் வைத்து ஒருவர் ஊகித்திருந்தால் சென்னையை அவர் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார். நல்ல துறை இருந்த இடம் சிறுத்தது. அரசும் படையும் முதலீடும் அமர்ந்த இடம் பெருத்தது.

ஊகம் செய்யும் முறை

வருங்கால மக்கள்தொகையை எவ்வாறு கணிக்கின்றனர்? ஒரு நகரம் மூன்று வழிகளில் பெருகும். பிறப்பு இறப்பை மிஞ்சுவது முதல் வழி. வெளியூரார் வந்து குடியேறுவது இரண்டாவது. நகர எல்லை நகர்ந்து பக்கத்து ஊர்களை உள்ளே இழுத்துக்கொள்வது மூன்றாவது. பழைய கணக்கெடுப்புகளிலிருந்து இம்மூன்றின் வேகத்தையும் அறிந்து, அவ்வேகம் மெல்லக் குறையும் அல்லது கூடும் என்று ஓர் அனுமானம் செய்துகொண்டு, எதிர்காலத்துக்கு நீட்டுவதே கணிப்பின் சாரம்.

இதில் சிறு பிழை பெரும் பிழையாகும். ஆண்டுக்கு நூற்றுக்கு 3.5 வீதம் வளரும் ஊர் 20 ஆண்டில் இரட்டிக்கும். 60 ஆண்டில் ஏறத்தாழ எட்டு மடங்காகும். அவ்வேகம் 2.5 ஆகக் குறைந்தால் அதே 60 ஆண்டில் நான்கரை மடங்குக்குள் நின்றுவிடும். நூற்றுக்கு ஒன்று என்னும் வேறுபாடு ஒரு மாநகரத்தையே பாதியாக்கிவிடுகிறது.

உப்பளத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரியில் உள்ளே வருகிறது. தேக்கத்திலும் பாத்தியிலும் வெயில் குடிக்கக் குடிக்க, 25 டிகிரியை எட்டும்போது உப்பு இறங்கத் தொடங்குகிறது. சென்ற வாரம் இத்தனை டிகிரி ஏறிற்று, ஆகவே வரும் வாரம் இத்தனை ஏறும் என்று எழுதிவைப்பவர் கணக்குப் பிள்ளை. வானத்தைப் பார்த்துவிட்டு, எழுதியதை நம்பலாமா என்று சொல்பவர் அளத்துத் தொழிலாளி. ஒரே இரவு மழையில் பாத்தி முழுவதும் கரைந்துபோவதை அவர் கண்டிருக்கிறார். கணக்கு வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை. எந்த நிபந்தனையின்மேல் கணக்கு நிற்கிறது என்பதை மறக்கலாகாது என்றே சொல்கிறார்.

பொய்த்த கணிப்புகள்

சென்ற நூற்றாண்டின் கணிப்புகள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை அறிஞருள் தலைசிறந்தவராகிய கிங்ஸ்லி டேவிஸ் 1962இல் வெளியான கட்டுரை ஒன்றில், 2000ஆம் ஆண்டில் கல்கத்தாவின் மக்கள்தொகை 3.6 கோடிக்கும் 6.6 கோடிக்கும் இடையில் இருக்கலாம் என்று கணித்தார். 2001 கணக்கெடுப்பில் அம்மாநகரப் பரப்பு முழுவதும் சேர்த்துக் கண்ட தொகை 1.32 கோடி. அதன்பின் மாநகராட்சி எல்லைக்குள் மக்கள்தொகை சற்றுக் குறையவும் செய்தது: 2001இல் 45.7 இலட்சம், 2011இல் 45 இலட்சம். மெக்சிகோ நகரம் 2000ஆம் ஆண்டில் 3 கோடியைத் தாண்டும் என்று 1970களில் ஐக்கிய நாடுகள் அவையினர் கணித்தனர். அங்கே அவ்வாண்டில் இருந்தோர் ஏறத்தாழ 1.8 கோடி.

இவ்வறிஞர்கள் கணக்கு அறியாதவர்கள் அல்லர். அவர்கள் நீட்டிய கோட்டை மக்கள் வளைத்துவிட்டனர். மெக்சிகோவின் குடும்பங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சிறுத்தன. வங்கத்தில் தொழில்கள் நலிந்தன. பிழைப்புத் தேடுவோர் வேறு திசை நோக்கினர். பெருநகரத்துக்கு வருவார் என்று எண்ணப்பட்டவருள் பலர் தம் ஊருக்கு அருகிலிருந்த சிறு நகரங்களிலேயே தங்கினர்.

கணக்கில் அடங்காத வரலாற்று நிகழ்ச்சிகள் மற்றொரு காரணம். டெல்லியில் 1941இல் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். 1951இல் 14 இலட்சத்துக்கு மேல். இடையில் வந்தது 1947. அதனோடு வந்தது பிரிவினையும் அகதிகள் வெள்ளமும். டாக்கா 1947இல் ஒரு மாகாணத்தின் தலைநகரமாகி, 1971இல் ஒரு நாட்டின் தலைநகரமாயிற்று. இவற்றை 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து எவரும் கண்டறிந்திருக்க இயலாது.

எவரும் பெயர் சொல்லாத ஊர் பெருநகரமான கதையும் உண்டு. சீனத்தின் ஷென்ஜென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அது சில பதினாயிரம் பேர் வாழ்ந்த எல்லைப்புறச் சந்தையூர். சுற்றிலும் வயல்களும் மீனவர் ஊர்களும் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1.75 கோடிக்கு மேல். அம்மாநகரத்தின் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் இருக்கும் பகுதிக்கு யாந்தியன் என்று பெயர். சீன மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் உப்புவயல், அதாவது நம் மொழியில் உப்பளம். இவ்வூரில் இருந்துகொண்டு இச்செய்தியைக் கேட்போர் அதனை மகிழ்ச்சியாகவும் கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் கொள்ளலாம்.

இன்றைய பட்டியல்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 1900ஆம் ஆண்டில் உலகின் பெரிய நகரங்கள் பத்தினை வரலாற்றறிஞர் டெர்ஷியஸ் சாண்ட்லர் தொகுத்துள்ளார். இலண்டன் முதலிடம். நியூயார்க், பாரிஸ், பெர்லின் எனத் தொடரும் அப்பட்டியலில் ஐரோப்பா, அமெரிக்காவுக்கு வெளியே இருந்தது டோக்கியோ ஒன்றே. ஐக்கிய நாடுகள் அவை 2025 நவம்பரில் வெளியிட்ட உலக நகரமயமாக்க அறிக்கையில் முதற்பத்தனுள் ஒன்பது ஆசிய நகரங்கள். எஞ்சிய ஒன்று கெய்ரோ. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பட்டியல் முழுவதும் கிழக்கே நகர்ந்துவிட்டது.

அவ்வறிக்கையின்படி ஜகார்த்தா ஏறத்தாழ 4.2 கோடி மக்களோடு முதலிடம் பெறுகிறது. டாக்காவில் 3.7 கோடி, டோக்கியோவில் 3.3 கோடி, டெல்லியில் ஏறத்தாழ 3 கோடி. 2050இல் டாக்கா 5.2 கோடியை எட்டி முதலிடம் பெறும் என்பது அவர்கள் கணிப்பு. ஒரு கோடியும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்கள் 1975இல் 8, 2025இல் 33. இன்னும் தொலைவு நோக்கிய கனடா நாட்டு ஆய்வாளர் இருவர், 2100இல் நைஜீரியாவின் லாகோஸ் 8.8 கோடியோடும், காங்கோவின் கின்ஷாசா 8.3 கோடியோடும் முன்நிற்கும் என்று கணித்துள்ளனர். ஆப்பிரிக்காவில் இளையோர் தொகை மிகுதி, பிறப்பு வீதமும் மிகுதி. ஆகவே கோடு அங்கே உயர்கிறது. ஆயினும் கல்கத்தாவின் 6.6 கோடியை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த 8.8 கோடியை நாம் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு புதிர் உண்டு. இதே அவையின் 2018ஆம் ஆண்டு அறிக்கையில் ஜகார்த்தாவுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மக்களே குறிக்கப்பட்டிருந்தனர்; 2028 வாக்கில் டெல்லியே டோக்கியோவை முந்தி முதலிடம் பெறும் என்றும் கூறப்பட்டது. ஏழே ஆண்டில் மூன்று கோடிப் பேர் ஜகார்த்தாவில் குடியேறினரா? இல்லை. அளவுகோல் மாறியது. முன்பு ஒவ்வொரு நாடும் தன் நகரத்துக்கு வகுத்த எல்லையையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டனர். இப்போது நிலத்தை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பகுக்கின்றனர். கட்டத்துக்கு 1,500 பேருக்குக் குறையாமல், இடைவெளியின்றித் தொடர்ந்து, மொத்தம் 50,000 பேருக்குக் குறையாமல் மக்கள் வாழும் பரப்பினை ஒரு நகரம் எனக் கொள்கின்றனர். கோடு மாறியதும் சுற்றுப்புற ஊர்களில் அதுகாறும் வாழ்ந்தோர் இருந்த இடத்திலேயே மாநகரத்தாராகக் கணக்கில் ஏறினர்.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. 1941இல் 7.8 இலட்சமாக இருந்த சென்னை நகரம் 1951இல் 14.2 இலட்சமாயிற்று; 1946இல் நகர எல்லை விரிந்ததும் அதற்கு ஒரு காரணம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய எல்லைப்படி மாநகராட்சியில் 46.5 இலட்சம் பேர். அவ்வாண்டில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்புதிய எல்லைப்படி கணக்கிட்டால் 67 இலட்சம். சுற்றியுள்ள நகர்ப்புறத் தொகுதி முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 87 இலட்சம். ஒரே ஆண்டு, ஒரே கணக்கெடுப்பு, விடையோ மூன்று.

இதற்குப் பின் நடந்திருக்க வேண்டிய 2021 கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1ஆம் நாளே அடிப்படை நாளென அறிவிக்கப்பட்டது. ஆகவே நம் நகரங்களைப் பற்றி இன்று எண் சொல்பவர் எல்லாரும் 2011இல் நட்ட கம்பத்திலிருந்தே கயிற்றை இழுக்கின்றனர்.

கோடு தெற்கே வருகிறது

அன்பர்களே, இனிமேல்தான் நம் ஊரின் கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டில் பிறப்பு வீதம் தாழ்ந்துவிட்டது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. மக்கள்தொகை நிலைத்து நிற்க 2.1 வேண்டும் என்பர். ஆகவே சென்னை இனி வளருமாயின், தொட்டிற் குழந்தைகளைவிடக் குடியேறுவோராலும் எல்லை விரிவாலுமே வளரும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. நாம் இருக்கும் இடம் சென்னைக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தில். கோடு இன்னும் இங்கே எட்டவில்லை. ஆனால் தெற்கே புதுவையும் வளர்கிறது. இரண்டுக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை நான்கு வழியாக விரிகிறது. இச்சாலையின் இருபுறமும் விளம்பரப் பலகைகள் பெருகியிருப்பதைக் காணாதவர் இவ்வவையில் இரார்.

மழைக் கணிப்பு மழையைப் பெய்விக்காது. நகரக் கணிப்போ நகரத்தை இழுத்துவரும். இன்ன பகுதி வளரப் போகிறது என்று ஓர் அறிக்கை சொன்னால் நிலத்தை வாங்குவோர் முதலில் வருவர். விலை ஏறும். விலை ஏறியதால் வீடு எழும். வீடு எழுந்ததால் கணிப்பு மெய்யாயிற்று என்பர். அறிக்கையைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையே உள்ள கால இடைவெளியில்தான் நிலம் கைமாறுகிறது. உப்பளத்தில் கூலிக்கு உழைப்பவரும், பட்டா இல்லாத மணலில் வலை உலர்த்துபவரும் அவ்வறிக்கையைப் படிப்பதில்லை. அதனாலேயே இப்பொருளை இம்மேடையில் பேசுவது தேவையாகிறது.

பெருநகரத்துக்குள் அகப்பட்ட கடற்கரை ஊர் எவ்வாறு இருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சென்னையிலேயே காணலாம். நொச்சிக்குப்பம், அயோத்தியாகுப்பம், ஊரூர்க் குப்பம் முதலியன நகரம் வந்து சூழ்ந்த மீனவர் ஊர்கள். அவற்றுள் சில அந்நகரத்தைவிட மூத்தவை. ஆயினும் தம் வாயிலில் மீன் விற்பதற்கே 2023இல் நொச்சிக்குப்பத்து மக்கள் போராட வேண்டியிருந்தது. சாலைப் போக்குவரத்துக்கு அவர்கள் கடைகள் இடையூறு எனக் கருதப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அரை நூற்றாண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவி வலைகளும் படகுகளும் கறுத்தன.

நமக்கும் ஒரு சதுப்புநிலம் உண்டு. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வெள்ளத்துக்குச் சென்று தங்கிக் கடலுக்கு இறங்க ஓர் இடம் வேண்டும். கழுவெளியும் கழிமுகமும் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்களும் தாழ்ந்து கிடப்பதால்தான் மேட்டூர்கள் உலர்கின்றன. இத்தாழ்நிலம் “வெற்றிடம்” என்று ஒரு வரைபடத்தில் குறிக்கப்படுமானால் எவ்வளவு கேடு விளையும் என்பதற்குப் பள்ளிக்கரணையே சான்று.

டாக்காவின் வளர்ச்சியிலும் இதே பாடம் மறுபுறமாகத் தெரிகிறது. அங்கே ஆண்டுதோறும் வந்து சேர்வோருள் பலர் ஆற்றரிப்பால் நிலம் இழந்தவர்கள். கடலோரத்தில் உப்பேறிய வயலைக் கைவிட்டவர்கள். ஜகார்த்தாவோ நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தாழ்ந்து வருகிறது. புதிய தலைநகராக நுசாந்தாரா அமைக்க 2022இல் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற நகரத்திலிருந்தே அதன் அரசு இடம்பெயரத் திட்டமிடுகிறது. பெரிய நகரம் என்பதும் நல்ல நகரம் என்பதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எக்கியார்குப்பத்தின் பெயரைத் தலைநகர நாளிதழ்கள் எப்போது பெரிய எழுத்தில் அச்சிட்டன என்பதை நீங்கள் அறிவீர்கள். 2023 மே மாதம், தொழிற்சாலைப் பயனுக்குரிய மெத்தனால் கலந்த சாராயம் இப்பகுதியில் பத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவ்வீடுகளின் துயரைக் கிளறுவது என் நோக்கமன்று. கடலும் உப்பும் தந்த உழைப்பைப் பல தலைமுறையாக நகரத்துக்கு அனுப்பிய ஊர், மரணக் கணக்கால் மட்டுமே அறியப்படுவது நீதியன்று என்பதையே குறிக்கிறேன். ஓர் ஊரைப் பிறர் எண்ணுவதற்கு முன் அவ்வூரார் தம்மைத் தாமே எண்ணி வைத்திருக்க வேண்டும்.

இலக்கியத்தார்க்கு ஒரு பணி

எயிற்பட்டினத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு குறிப்பும் நம்மிடம் இல்லை. ஆனால் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் ஒட்டகம் உறங்குவதுபோலக் கிடந்ததும், பரதவர் மகளிர் அம்மரத்தையே விறகாக்கி எரித்ததும், வழிநடந்து வந்த பாணனுக்குச் சுட்ட மீனும் தேறலும் கிடைத்ததும் நமக்குத் தெரியும். நத்தத்தனார் அவற்றைப் பார்த்து எழுதிவைத்தார். பட்டினம் போன பின்னும் அவ்விருந்து போகவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைப் பெயர் சொல்லிக் குறித்ததால்தான் இங்கே உப்பு விளைந்த தொன்மை நமக்குச் சான்றாயிற்று.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, உப்பளத் தொழிலில் வழங்கும் சொற்களையும், கடல் மீன்களின் பெயர்களையும், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர் இட்ட பெயர்களையும், மூத்தோர் வாய்மொழியாகக் கேட்டுத் தொகுக்க வேண்டும். இரண்டாவது, வலை உலர்த்தும் மணல், படகு ஏற்றும் இடம், வெள்ளம் வடியும் வாய்க்கால், ஊர்ப்பொதுக் குளம் ஆகியவற்றை ஊரார் கைப்பட வரைந்த ஒரு படத்தில் குறித்துவைக்க வேண்டும். நாளை ஒரு திட்ட வரைபடம் மக்களின் கருத்துக்காக வைக்கப்படும்போது, இங்கே வெற்றிடம் இல்லை என்று சொல்ல நம் கையில் அப்படம் இருக்கும். மூன்றாவது, பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்குக் கணக்கெடுப்பு அட்டவணையையும் நகரத் திட்ட அறிவிப்பையும் படிக்கக் கற்பிக்க வேண்டும். இலக்கியம் பயில்வோர்க்கு இது புறம்பான வேலை என்று எண்ண வேண்டா. சொல்லுக்குப் பொருள் காண்பது நம் தொழிலானால், “நகரம்” என்னும் சொல்லுக்கு யார் எப்பொருள் கொள்கின்றனர் என்று காண்பதும் நம் தொழிலே.

2050இல் எந்த மாநகரம் முதலிடம் பெறும் என்று என்னைக் கேட்டால், இன்றைய சான்றுகளின்படி டாக்கா என்பேன். பிறப்பு வீதமும் அரசியலும் எல்லைக் கோடும் மாறினால் விடையும் மாறும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இக்கரை 2050இல் எவ்வாறு இருக்கும் என்று கேட்டால், விடையில் ஒரு பங்கு இவ்வவையில் அமர்ந்திருப்போரிடம் உள்ளது என்பேன். தேவையான உப்பளமும் கழுவெளியும் குப்பமும் தத்தம் இடத்தில் நிற்க, அவற்றுக்கு இடையூறின்றிச் சாலையும் மருத்துவமனையும் கல்லூரியும் வருமானால், அதனை வளர்ச்சி என்று நாமும் மனமுவந்து ஏற்கலாம்.